மீட்டர் முதலில், காது பிறகு: இரண்டு டிரான்சிஸ்டர் ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர்

அத்தியாயம் 6

இந்த அத்தியாயத்தில் ஒரு காதுக்கு இரண்டு டிரான்சிஸ்டர் வீதம் மொத்தம் நான்கு டிரான்சிஸ்டரில் ஒரு ஸ்டீரியோ ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் செய்யப்போகிறோம். ஐ.சி. கிடையாது, காயில் கிடையாது, பிரிண்ட் போட்ட போர்டும் கிடையாது. 12 வோல்ட் அடாப்டரிலோ பேட்டரியிலோ ஓடும். சால்டரிங் ஓரளவு பழகிய கைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

ஒரே ஒரு நிபந்தனை. சால்டரிங் அயனைச் சூடாக்குவதற்கு முன்னால் ஐந்து இடங்களின் வோல்டேஜைக் காகிதத்தில் கணக்குப் போட்டு எழுதி வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் மீட்டரை வைத்து அதே ஐந்து இடங்களைப் பார்க்க வேண்டும். ஐந்தும் ஒத்துவந்த பிறகுதான் ஹெட்போனைத் தொட வேண்டும். பாட்டு வருகிறதா என்று காதை வைத்துச் சோதிப்பவர் கோளாறு வந்தால் எங்கே தேடுவதென்று தெரியாமல் எல்லா ஜாயிண்ட்டையும் மறுபடி சுட்டுக்கொண்டிருப்பார். மீட்டரை வைத்துச் சோதிப்பவர் நேராகக் கெட்டுப்போன இடத்துக்குப் போவார்.

எதற்கு, யாருக்கு?

செல்போனோடு வரும் 32 ஓம் இயர்போனை அந்தச் செல்போனில் கேட்பவருக்கு இது தேவையில்லை. போனே போதுமான சத்தம் தரும். தேவைப்படுவது மூன்று பேருக்கு.

முதலாமவர், ராத்திரி பதினோரு மணிக்கு மேட்ச் பார்க்கிறவர். செட்டாப் பாக்ஸின் பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆடியோ சாக்கெட் இருக்கும். அதில் நேராக ஹெட்போனை மாட்டினால் சத்தம் ஈனமாக வரும். அங்கே வோல்டேஜுக்குக் குறையில்லை, ஹெட்போனைத் தள்ளும் அளவுக்குக் கரண்ட்தான் இல்லை. இரண்டாமவர், ஸ்டூடியோ வகை ஹெட்போன் வாங்கியவர். சென்ஹைசர் எச்.டி. 600 போன்றவை 300 ஓம். அவற்றுக்கு வோல்டேஜ் வேண்டும். மூன்றாமவர், டிரான்சிஸ்டர் எப்படி வேலை செய்கிறது என்று புத்தகத்தில் படித்தும் பிடிபடாதவர். அவருக்காகத்தான் இந்த அத்தியாயம் கொஞ்சம் நீளமாக இருக்கிறது.

வீட்டில் ரேடியோ வேலை பார்ப்பது கோவைக்குப் புதிதல்ல. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று ஜி.டி. நாயுடு 1941-லேயே சொன்ன ஊர் இது. அப்போது டிரான்சிஸ்டரே பிறக்கவில்லை. 1947 டிசம்பரில்தான் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பார்டீனும் பிராட்டெயினும் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1962-இல் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் வகைகளைத் தயாரிக்கத் தொடங்கியது. இன்று நாம் வாங்கப்போவதெல்லாம் சிலிக்கான் வகை. சூடு தாங்கும், விலையும் மிகக் குறைவு.

சர்க்யூட்டில் யாருக்கு என்ன வேலை?

ஒரு காதின் சர்க்யூட்டை மட்டும் பார்ப்போம். மற்றது அதன் நகல்.

முதல் டிரான்சிஸ்டர் பி.சி.547. இதன் வேலை வோல்டேஜைப் பெருக்குவது. கலெக்டருக்கும் சப்ளைக்கும் நடுவே 2.2 கிலோ ஓம், எமிட்டருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 470 ஓம். பெருக்கம் எவ்வளவு என்பதை இந்த இரண்டும்தான் முடிவு செய்கின்றன: 2200-ஐ 470-ஆல் வகுத்தால் 4.7. டிரான்சிஸ்டரின் ஹெச்.எஃப்.இ., அதாவது கரண்ட் பெருக்கம், 200 ஆனாலும் 400 ஆனாலும் இந்த எண் பெரிதாக மாறாது. கடையில் எந்தக் கம்பெனி பி.சி.547 கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்பதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது டிரான்சிஸ்டர் பி.டி.139. இதன் பேஸ் முதல் டிரான்சிஸ்டரின் கலெக்டரில் நேராக உட்காரும்; கலெக்டர் 12 வோல்ட்டுக்குப் போகும்; எமிட்டரிலிருந்து கிரவுண்டுக்கு 220 ஓம். இது வோல்டேஜைப் பெருக்காது. பேஸில் என்ன ஏறி இறங்குகிறதோ அதுவே 0.7 வோல்ட் குறைவாக எமிட்டரிலும் ஏறி இறங்கும். ஆனால் பேஸ் கேட்பது ஒரு பங்கு கரண்ட் என்றால் எமிட்டர் தருவது சுமார் நூறு பங்கு. செட்டாப் பாக்ஸால் தர முடியாத கரண்ட்டை ஹெட்போனுக்குத் தருவது இந்த டிரான்சிஸ்டர்தான்.

பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் பி.டி.139 வழியாகச் சுமார் 26 மில்லி ஆம்பியர் போய்க்கொண்டே இருக்கும். இதற்கு கிளாஸ் ஏ என்று பெயர். மின்சாரம் கொஞ்சம் வீண்தான். அதற்குப் பதிலாக, மேல் பாதிக்கு ஒன்று கீழ் பாதிக்கு ஒன்று என்று இரண்டு டிரான்சிஸ்டர் மாறி மாறி வேலை செய்யும் புஷ்-புல் சர்க்யூட்டில் கைமாறும் இடத்தில் வரக்கூடிய கரகரப்பு இதில் வராது.

ஐந்து இடம், ஐந்து எண்

இப்போது நோட்டை எடுங்கள். ஐந்து இடங்களுக்கும் அ, ஆ, இ, ஈ, உ என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

அ – வடிகட்டிய சப்ளை. 12 வோல்ட் அப்படியே பி.சி.547-க்குப் போவதில்லை. நடுவில் 100 ஓம், அதன் மறுமுனையிலிருந்து கிரவுண்டுக்கு 1000 மைக்ரோ ஃபாரட். அடாப்டரின் இரைச்சல் இங்கேயே வடிந்துவிடும். இந்த 100 ஓம் வழியாக இரண்டு காதுக்கும் சேர்த்து ஏறத்தாழ 4.8 மில்லி ஆம்பியர் போகிறது. 0.1 கிலோ ஓம் × 4.8 = 0.48. ஆகவே அ = 11.5 வோல்ட்.

ஆ – பி.சி.547-இன் பேஸ். அ-விலிருந்து பேஸுக்கு 100 கிலோ ஓம், பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 18 கிலோ ஓம். 11.5 × 18 ÷ 118 = 1.75. பேஸ் தன் பங்குக்குக் கொஞ்சம் கரண்டை எடுத்துக்கொள்வதால் சற்றே இறங்கும். ஆ = 1.6 வோல்ட்.

இ – பி.சி.547-இன் எமிட்டர். பேஸைவிட 0.65 குறைவு. இ = 0.95 வோல்ட். இதை 470 ஓமால் வகுத்தால் 2 மில்லி ஆம்பியர். முதல் டிரான்சிஸ்டரின் கரண்ட் அதுதான்.

ஈ – பி.சி.547-இன் கலெக்டர். 2.2 கிலோ ஓம் வழியாக இந்த 2 மில்லி ஆம்பியரும், பி.டி.139-இன் பேஸ் கேட்கும் கால் மில்லி ஆம்பியர் சொச்சமும் போகின்றன. சேர்த்து 2.3. அதை 2.2-ஆல் பெருக்கினால் 5.1. 11.5 – 5.1 = 6.4. ஈ = 6.4 வோல்ட்.

உ – பி.டி.139-இன் எமிட்டர். 0.7 கழித்தால் உ = 5.7 வோல்ட். 220-ஆல் வகுத்தால் 26 மில்லி ஆம்பியர்.

உ ஏன் 12-க்கு ஏறக்குறையப் பாதியில் நிற்க வேண்டும்? பாட்டின் அலை மேலேயும் போக வேண்டும், கீழேயும் போக வேண்டும். நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் இடம் சமமாக இருக்கும். 5-லிருந்து 6.5 வரை எங்கே நின்றாலும் பாதகமில்லை.

இந்த எண்களை வைத்து எவ்வளவு சத்தம் கிடைக்கும் என்றும் சொல்லிவிடலாம். 32 ஓம் ஹெட்போனில் அலை உடையாமல் சுமார் 8 மில்லி வாட். 300 ஓமில் சுமார் 14 மில்லி வாட். எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். பல இயர்போன்கள் 1 மில்லி வாட்டிலேயே 100 டெசிபல் அளவுக்குக் கத்தும். பெருக்கமும் மாட்டுகிற ஹெட்போனைப் பொறுத்தது: 300 ஓமில் நான்கு மடங்கை நெருங்கும், 32 ஓமில் இரண்டரை மடங்குதான் கிடைக்கும்.

சாமான் பட்டியல்

இரண்டு காதுக்கும் சேர்த்து:

– பி.சி.547: 2
– பி.டி.139: 2
– கால் வாட் ரெசிஸ்டர்: 100 கிலோ ஓம் 2, 18 கிலோ ஓம் 2, 2.2 கிலோ ஓம் 2, 1 கிலோ ஓம் 2, 470 ஓம் 2, 100 ஓம் 1
– அரை வாட் ரெசிஸ்டர்: 220 ஓம் 2
– எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர், எல்லாமே 25 வோல்ட்: 1000 மைக்ரோ ஃபாரட் 2, 470 மைக்ரோ ஃபாரட் 2, 4.7 மைக்ரோ ஃபாரட் 2
– 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக்: 1
– 10 கிலோ ஓம் ஸ்டீரியோ வால்யூம் கண்ட்ரோல், லாக் வகை: 1
– 3.5 மி.மீ. ஸ்டீரியோ சாக்கெட், சிவப்பு-வெள்ளை ஆர்.சி.ஏ. சாக்கெட் ஜோடி, டிசி சாக்கெட், சுவிட்ச், 500 மில்லி ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸும் அதன் ஹோல்டரும், டாட் போர்டு, ஷீல்டு ஒயர்

கோவையில் துடியலூரிலிருந்து பஸ் ஏறிக் காந்திபுரத்தில் இறங்கினால் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் இத்தனையும் ஒரே இடத்தில் கிடைக்கும். கடையில் மைக்ரோ ஃபாரட் என்று நீட்டி முழக்க வேண்டாம், "470 எம்.எஃப்.டி., 25 வோல்ட்" என்றால் கை தானாக டப்பாவுக்குப் போகும். பி.டி.139 கேட்கும்போது மட்டும் கவனம் வேண்டும்.

"அண்ணா, பி.டி. ஒன் தர்ட்டி நைன் ரெண்டு குடுங்க."

"ஒன் தர்ட்டி நைன் ஒண்ணு, ஒன் ஃபார்ட்டி ஒண்ணுங்களா?"

"இல்லீங்ணா, ரெண்டுமே தர்ட்டி நைன்தானுங்க."

கடைக்காரர் கேட்டதில் தப்பில்லை. புஷ்-புல் ஆம்ப்ளிஃபையர் செய்பவர்கள் 139-ஐயும் 140-ஐயும் ஜோடியாகத்தான் வாங்குவார்கள். பி.டி.140 என்பது பி.என்.பி.; நம் சர்க்யூட்டில் அது வேலை செய்யாது. பார்வைக்கு இரண்டும் அச்சாக ஒன்றுபோல் இருக்கும், எழுத்தைப் படித்துத்தான் பிரிக்க வேண்டும். 139 கிடைக்காவிட்டால் பாலிடெக்னிக் லேபுகளில் நெடுநாளாகப் புழங்கும் எஸ்.எல்.100 போடலாம். அதன் உலோகத் தொப்பி கலெக்டரோடு சேர்ந்தது. எதிலும் இடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரெசிஸ்டரை வாங்கியதும் ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்து காகிதத்தில் குத்தி மதிப்பை எழுதிவிடுங்கள். இரண்டு ஜோடிகள் ஆளைக் கவிழ்க்கும். 220 ஓம் சிவப்பு-சிவப்பு-பழுப்பு, 2.2 கிலோ ஓம் மூன்றும் சிவப்பு. 100 ஓம் பழுப்பு-கருப்பு-பழுப்பு. 100 கிலோ ஓம் பழுப்பு-கருப்பு-மஞ்சள். ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் பழுப்பும் சிவப்பும் ஒன்றாகத் தெரியும்.

போர்டில் ஏற்றுவது

25 வாட் அயன், 60/40 ஈயம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிட வேண்டாம்.

1. டாட் போர்டின் மேல் விளிம்பு நெடுக ஒரு கம்பி. அது 12 வோல்ட். கீழ் விளிம்பு நெடுகத் தடித்த கம்பி, அது கிரவுண்ட். ஒரு 1000 மைக்ரோ ஃபாரட்டையும் 0.1 செராமிக்கையும் இந்த இரண்டு கம்பிக்கும் குறுக்கே, சப்ளை நுழையும் இடத்தில் வையுங்கள்.

2. 12 வோல்ட் கம்பியிலிருந்து 100 ஓம். அதன் மறுமுனையில் இன்னொரு 1000 மைக்ரோ ஃபாரட். அ என்ற இடம் இதுதான். இரண்டு காதின் 100 கிலோ ஓமும் 2.2 கிலோ ஓமும் இங்கிருந்து கிளம்பும்.

3. டிரான்சிஸ்டர் கால்கள். பி.சி.547-இன் தட்டையான முகத்தை உங்களைப் பார்த்து, கால்கள் கீழே இருக்கும்படி பிடித்தால், இடமிருந்து வலம்: கலெக்டர், பேஸ், எமிட்டர். பி.டி.139-இன் எழுத்துள்ள முகத்தை அதேபோல் பிடித்தால்: எமிட்டர், கலெக்டர், பேஸ். இரண்டுக்கும் வரிசை வேறு வேறு. பொருத்தும் முன் இதை நோட்டில் படமாக வரைந்துகொள்ளுங்கள்.

4. கெப்பாசிட்டர் திசை. போர்வெல் மோட்டாருக்கு மாட்டும் கெப்பாசிட்டரை எப்படித் திருப்பி மாட்டினாலும் ஓடும், அது ஏசி-க்கானது. அந்தப் பழக்கத்தில் எலெக்ட்ரோலிட்டிக்கைத் திருப்பி மாட்டினால் சூடாகி வெடிக்கும். உடம்பில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். 4.7 மைக்ரோ ஃபாரட்டின் பிளஸ், பி.சி.547-இன் பேஸைப் பார்த்து இருக்க வேண்டும்; மைனஸ் வால்யூம் கண்ட்ரோலின் நடுக்காலுக்குப் போகும். 470 மைக்ரோ ஃபாரட்டின் பிளஸ், பி.டி.139-இன் எமிட்டரைப் பார்க்க வேண்டும். மைனஸ் ஹெட்போன் சாக்கெட்டுக்கு.

5. ஹெட்போன் சாக்கெட்டின் ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் கிரவுண்டுக்கு 1 கிலோ ஓம். ஹெட்போன் மாட்டாதபோதும் 470 மைக்ரோ ஃபாரட் சார்ஜ் ஆவதற்கு வழி இதுதான். இதை விட்டுவிட்டால் பிளக்கைச் செருகும் ஒவ்வொரு முறையும் காதில் "டொப்" என்று அடிக்கும்.

6. சாக்கெட்டில் பிளக்கின் நுனி படுவது இடது காது, நடு வளையம் வலது, அடிப்பகுதி கிரவுண்ட். உள்ளே வரும் ஆர்.சி.ஏ.-வில் வெள்ளை இடது, சிவப்பு வலது. ஆர்.சி.ஏ.-விலிருந்து வால்யூமுக்கும், வால்யூமிலிருந்து போர்டுக்கும் ஷீல்டு ஒயர் போடுங்கள்.

7. கிரவுண்ட் எல்லாம் வந்து சேர வேண்டிய இடம் ஒன்றே: முதல் 1000 மைக்ரோ ஃபாரட்டின் மைனஸ் கால். ஹெட்போன் சாக்கெட்டின் கிரவுண்டை வால்யூம் கண்ட்ரோலின் கிரவுண்டோடு வழியிலேயே முடிந்துவிடாதீர்கள்.

முதன்முதலாகக் கரண்ட் கொடுப்பது

ஹெட்போன் வேண்டாம், பாட்டும் வேண்டாம். வால்யூமை அடியில் வையுங்கள். 12 வோல்ட்டின் பிளஸ் ஒயரை நேராகக் கொடுக்காமல், நடுவில் ஒரு பைக் இண்டிகேட்டர் பல்பை, 12 வோல்ட் 10 வாட், தொடராக மாட்டுங்கள். சுவிட்சைப் போடுங்கள். பல்பு கணநேரம் மினுக்கி அணைந்தால் சரி. அது கெப்பாசிட்டர் சார்ஜ் ஆனது. பல்பு நின்று எரிந்தால் எங்கோ ஷார்ட். உடனே நிறுத்துங்கள், சேதம் பெரும்பாலும் இருக்காது, பல்பு தாங்கிக்கொண்டிருக்கும்.

பல்பு அணைந்தே இருந்தால் அதை எடுத்துவிட்டு, மீட்டரை 200 மில்லி ஆம்பியரில் வைத்து பிளஸ் ஒயரில் தொடராகப் பாருங்கள். 57 என்பது கணக்கு. 45-லிருந்து 70 வரை ஏற்கலாம். பிறகு மீட்டரை 20 வோல்ட் டிசி-க்கு மாற்றுங்கள். கருப்பு முனையை கிரவுண்டில் கிளிப் போட்டு நிறுத்திவிட்டு, சிவப்பு முனையை ஒரே கையால் ஒவ்வொரு இடமாக வையுங்கள். அ, ஆ, இ, ஈ, உ. இடது காது முடிந்து வலது காது. கணக்குக்குப் பக்கத்தில் கிடைத்த எண்ணை எழுதுங்கள். முள் மீட்டர் வைத்திருப்பவருக்கு ஆ சற்றுக் குறைவாகக் காட்டும். மீட்டரே அந்த இடத்தில் கொஞ்சம் கரண்டை இழுப்பதால் வரும் வித்தியாசம் அது.

கடைசியாக ஒரு அளவு. ஹெட்போன் சாக்கெட்டில், கிரவுண்டுக்கும் இடதுக்கும், கிரவுண்டுக்கும் வலதுக்கும் டிசி எவ்வளவு என்று பாருங்கள். சுவிட்ச் போட்ட பத்து விநாடிக்குள் 20 மில்லி வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் 470 மைக்ரோ ஃபாரட் ஒழுகுகிறது அல்லது திரும்பியிருக்கிறது. மாற்றாமல் ஹெட்போனை மாட்டக் கூடாது.

எண் ஒத்துவரவில்லையா?

*உ 10 வோல்ட்டை நெருங்கி நிற்கிறது.* பி.சி.547 வேலை செய்யவில்லை. ஆ-வைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் 100 கிலோ ஓம் ஒட்டவில்லை. 1 வோல்ட்டுக்குக் கீழே என்றால் பி.சி.547-ஐத் திருப்பி வைத்திருக்கிறீர்கள். 1.7 காட்டினால் 470 ஓமின் ஜாயிண்ட்டைப் பாருங்கள்.

*உ 1.3 வோல்ட் அளவில் கிடக்கிறது. ஈ-யும் இ-யும் ஏறக்குறைய ஒன்றாக 2 வோல்ட்.* பி.சி.547 முழுவதுமாகத் திறந்துவிட்டது. 18 கிலோ ஓம் கழன்றிருக்கும்.

*ஆ-வில் 8 வோல்ட்டுக்கும் மேல்.* 100 கிலோ ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 100 ஓம் உட்கார்ந்திருக்கிறது.

*ஈ 7 வோல்ட், உ பூஜ்யம்.* முதல் டிரான்சிஸ்டர் சரி. பி.டி.139-இன் கால் மாறியிருக்கிறது.

*உ 10-க்கு மேல், ஆனால் ஆ, இ இரண்டும் சரி. மொத்தக் கரண்ட்டும் குறைவு.* 220 ஓமும் 2.2 கிலோ ஓமும் இடம் மாறிவிட்டன.

ஐந்து எண்ணும் கையில் இருக்கும்போது தேடல் எவ்வளவு சுருங்கிவிடுகிறது பாருங்கள். ஒரு காது சரியாகவும் மற்றது கோளாறாகவும் இருந்தால் இன்னும் எளிது. இரண்டு காதின் எண்களையும் அருகருகே எழுதினால், முதலில் எந்த எழுத்தில் விலகுகிறதோ அங்கிருந்து தொடங்கலாம்.

இப்போது ஹெட்போன்

நல்ல ஹெட்போனை ஓரமாக வையுங்கள். பெட்டிக்கடையில் வாங்கிய மலிவு இயர்போனை, காதில் வைக்காமல் மேசைமேல் போட்டு மாட்டுங்கள். பாட்டைப் போட்டு வால்யூமை மெல்லத் திருப்புங்கள். சுத்தமாக வந்த பிறகு காதுக்கு.

தினசரிப் பழக்கம் இது: முதலில் சுவிட்ச், பத்து எண்ணி, பிறகு பிளக். நிறுத்தும்போது முதலில் பிளக்கை உருவி, பிறகு சுவிட்ச். இந்த எளிய சர்க்யூட்டில் சுவிட்ச் போடும் நேரத்து அதிர்ச்சியைத் தடுக்கும் ரிலே எதுவும் இல்லை. அந்த வேலையைப் பழக்கம்தான் செய்ய வேண்டும்.

காதுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 80 டெசிபல், வாரத்துக்கு 40 மணி நேரம். அதிலிருந்து 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறையும். பக்கத்தில் ஒருவர் சாதாரணமாகப் பேசுவது ஹெட்போனைத் தாண்டிக் கேட்காவிட்டால் வால்யூமைக் குறையுங்கள்.

சின்ன இயர்போனில் வால்யூமைத் தொட்டதுமே சத்தம் எகிறுகிறதா? 470 ஓமை மாற்றிப் பெருக்கத்தைக் குறைக்க நினைக்காதீர்கள். இ மாறும், ஈ மாறும், உ மாறும், மொத்தக் கணக்கும் கலையும். அதற்குப் பதிலாக வால்யூம் கண்ட்ரோலுக்கு முன்னால், இரண்டு பக்கத்திலும் ஒரு 22 கிலோ ஓம் வீதம் தொடராகப் போடுங்கள். சத்தம் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே இறங்கும், டிசி அப்படியே இருக்கும்.

இரைச்சல்: எங்கிருந்து வருகிறது?

துடியலூரில் ஒரு தெருவில் வீடும் லேத் பட்டறையும் சுவரோடு சுவர் ஒட்டி இருக்கும். அதே லைனில் கிரைண்டர், போர்வெல் மோட்டார், வெல்டிங் செட். மோட்டார் போடும்போது ஹெட்போனில் ஒரு சொடுக்கு, வெல்டிங் நடக்கும்போது ஒரு கரகரப்பு வந்தால் சர்க்யூட்டைப் பழிக்க வேண்டாம். முதலில் பிரித்தறியுங்கள்.

அடாப்டரைக் கழற்றிவிட்டு யு.பி.எஸ்-இல் போடும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியைக் கொடுங்கள். ஃபியூஸ் பிளஸ் முனையை ஒட்டியே இருக்கட்டும். அந்தப் பேட்டரி ஷார்ட் ஆனால் ஒயரே பழுக்கும் அளவுக்குக் கரண்ட் தள்ளும். இரைச்சல் நின்றுவிட்டால் குற்றவாளி அடாப்டர். வேறு அடாப்டர் மாற்றுங்கள், அல்லது பேட்டரியிலேயே ஓட்டுங்கள். கணக்குப்படி 120 மணி நேரம் வரும்; பாதிக்கு மேல் இறக்காமல் 60 மணி நேரத்தில் சார்ஜ் போட்டால் பேட்டரிக்கு ஆயுள் கூடும். புதிதாகச் சார்ஜ் ஆன பேட்டரியில் ஐந்து எண்களும் சற்று ஏறி நிற்பது இயல்பு.

பேட்டரியிலும் இரைகிறதா? உள்ளே வரும் ஒயரைக் கழற்றுங்கள். நின்றுவிட்டால் இரைச்சல் பாட்டு தரும் பெட்டியிலிருந்து வருகிறது. லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். எர்த் இல்லாத இரண்டு பின் சார்ஜர்கள் இப்படி ஒரு மெல்லிய ரீங்காரத்தை ஆடியோ ஒயரிலேயே அனுப்பும். செட்டாப் பாக்ஸின் அடாப்டரையே பிரித்து இதற்கும் கொடுத்திருந்தால் தனி அடாப்டர் போடுங்கள். ஒரே கிரவுண்ட் இரண்டு வழியாகச் சுற்றி வருவதே பாதி ஹம்முக்குக் காரணம். ஒயரைக் கழற்றியும் நிற்காவிட்டால் போர்டின் கிரவுண்ட் ஒரே இடத்தில் சேரவில்லை; ஏழாவது படிக்குத் திரும்புங்கள்.

வால்யூமை மிகவும் குறைக்கும்போது ஒரு காது மட்டும் மங்கினால் அது டிரான்சிஸ்டர் குறையல்ல. மலிவு ஸ்டீரியோ கண்ட்ரோலில் இரண்டு தடமும் அடிப்பகுதியில் ஒத்துப்போகாது. உள்ளே வரும் சிவப்பையும் வெள்ளையையும் மாற்றி மாட்டிப் பாருங்கள். அதே காது மங்கினால் கண்ட்ரோலை மாற்றினால் போதும்.

பெட்டி

பிளாஸ்டிக் டிபன் பாக்ஸில் வைத்தாலும் பாடும். ஆனால் உலோகப் பெட்டி வெளி இரைச்சலைத் தடுக்கும். கொங்கு நாட்டில் இதற்கு அலைய வேண்டியதில்லை. ஷீட் மெட்டல் வேலை செய்யும் பட்டறையில் அளவை வரைந்து கொடுத்தால், மீந்த அலுமினியத் தகட்டிலேயே மடித்துத் துளை போட்டுத் தருவார்கள். பி.டி.139 ஒவ்வொன்றும் ஆறில் ஒரு பங்கு வாட் அளவுக்குத்தான் சூட்டை விடும். தொட்டால் வெதுவெதுப்பு, ஹீட்சிங்க் தேவையில்லை. பெட்டியை கிரவுண்டோடு ஒரே ஒரு இடத்தில் இணையுங்கள்.

மூடும் முன் ஒரு வேலை பாக்கி. ஐந்து இடங்களின் கணக்கையும், இடது வலது அளவுகளையும், அன்றைய தேதியையும், சப்ளை எத்தனை வோல்ட் என்பதையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு காது நின்றுபோனால், நீங்களோ பிள்ளைகளோ அதைப் படித்துவிட்டு மீட்டரை எடுக்கலாம். ஐந்தும் தாளில் உள்ளபடியே இருந்தால் டிரான்சிஸ்டர் இரண்டும் நலம். கோளாறு கெப்பாசிட்டரில், வால்யூமில், சாக்கெட்டில் அல்லது ஒயரில். ஒரு எண் விலகியிருந்தால் எந்தக் காலில் அயனை வைக்க வேண்டும் என்று அந்த எண்ணே சொல்லிவிடும்.